ஒரு திரைக்கு ஒரு கரண்டி ஆறு

1955 தை மாதம் திண்டிவனத்தில் சக்கரபாணியின் போட்டோ ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்ட பதினொரு பேருக்கும் கணுக்கால்வரை நனைந்திருந்தது. மல்லாட்டைக் கடலை விலை இறங்கிய வாரம் அது. ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது. ஈரத்துக்குக் காரணம் அவர்களுக்குப் பின்னால் தொங்கிய திரைச்சீலை. அதில் பர்மாவின் சால்வின் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. வரைந்தவள் மோல்மீன்காரி மா தேன். அங்கே அரிசி ஆலை வேலைக்குப் போயிருந்த விழுப்புரம் தேவசகாயத்தைக் கட்டிக்கொண்டு, நாலு வருஷம் முன்பு அவனோடு கப்பலேறி வந்தவள். விழுப்புரம் அவளைத் தேனம்மா ஆக்கிக்கொண்டது.

திரைக்கான வண்ணப்பொடியைப் பசையும் தண்ணீரும் விட்டுக் குழைக்க வேண்டும். அதற்கென்று மோல்மீன் படித்துறையில் ஒரு ஜாடி ஆற்றுத் தண்ணீர் மொண்டு, வாயை மெழுகால் அடைத்து, வழியெல்லாம் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஒரு திரைக்கு ஒரு கரண்டி, மிச்சத்துக்குக் கிணற்றுத் தண்ணீர். அந்த ஒரு கரண்டிக்கே ஆறு ஓடியது. ஆவணியில் மோல்மீனில் வெள்ளம் வந்தால் ஸ்டூடியோவில் நாற்காலிகளை மேசைமேல் ஏற்ற வேண்டியிருந்தது. சக்கரபாணி அசரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கவும் என்று எழுதிவைத்து, கால் துடைக்க ஒரு துண்டும் மாட்டினார். வளவனூரிலிருந்தெல்லாம் கல்யாண ஜோடிகள் வந்தார்கள்.

தேனம்மா மட்டும் திரைமுன் நின்றதே இல்லை. கால் நனைந்தால் அப்படியே நடந்து மோல்மீனுக்கே போய்விடுவோம் என்று பயம். தேவசகாயத்துக்கும் அதே பயம்தான். ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று அவன் வாய் திறந்ததில்லை. இந்த ஊரையே வரைந்துவிட்டால் பயம் போய்விடும் என்று அவள் செஞ்சி மலையும் ஏரியும் வரைந்து பார்த்தாள். ஜாடித் தண்ணீர் விட்டால் பனைகளுக்கு நடுவே பர்மாவின் பகோடா கோபுரம் முளைத்தது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் மட்டும் விட்டால் படம் வெறும் படமாக நின்றது.

"இந்த ஊரு என்கூட பேச மாட்டேங்குது" என்று புருஷனிடம் சொல்லி அழுதாள். ஜாடி குறைந்துகொண்டே வந்தது. அது தீர்ந்தால் தன் கையும் தீர்ந்தது என்றே நம்பினாள்.

1961 சித்திரையில் கிணறு வற்றிப் பானையும் காலியாகக் கிடந்த ஒரு பகலில், திண்டிவனத்து வண்டிக்காரன் தாண்டவராயன் தேனம்மா வீட்டு வாசலில் வந்து தண்ணீர் கேட்டான். மாமியார் சவுரியம்மாள் ஜாடியின் மெழுகை உடைத்துச் சொம்பில் ஊற்றிக் கொடுத்தாள். அவன் மிச்சமிருந்த ஆற்றை ஒரே மூச்சில் குடித்தான். தேனம்மா வந்து பார்த்தபோது ஜாடியில் ஈரம்தான் இருந்தது.

"தாகம்னு வாய்விட்டுக் கேட்டவனுக்கு இல்லைன்னு எப்டிம்மா சொல்றது?" என்றாள் சவுரியம்மாள். மூன்று நாள் தேனம்மா தூரிகையைத் தொடவில்லை.

அன்றிலிருந்து தாண்டவராயன் வயிற்றில் படகுச் சங்கு ஊதியது. மாடுகள் இரண்டொரு நாளில் பழகிக்கொண்டன. அது திரைக்கென்று வைத்திருந்த தண்ணீர் என்று கேள்விப்பட்டபின் அவன் மனசுதான் கேட்கவில்லை. நாலாம் நாள் கிடங்கல் ஏரியில் அடிமட்டத்தில் கிடந்ததை ஒரு குடம் மொண்டு, சிந்தாமல் வண்டியில் கொண்டுவந்தான்.

"தெரியாம குடிச்சிட்டேங்க. எங்க ஏரித் தண்ணி இது. இத்த ஊத்திப் பாருங்க."

நம்பிக்கையில்லாமல்தான் அதை ஜாடியில் ஊற்றிக் குழைத்தாள். ஏரிக்கரை, பனைவரிசை, கொக்குகள், தாண்டவராயனின் வண்டி. திரையைக் கொண்டுபோய் மாட்டிய மறுநாள் காலை சக்கரபாணி ஸ்டூடியோவைத் திறந்தபோது நாற்காலியெல்லாம் கொக்கு எச்சம். அக்கரையில் அவள் வரையாத மோல்மீன் படகு ஒன்று கட்டிக் கிடந்தது. தேனம்மா சிரித்த சிரிப்பு கடைத்தெருவரை கேட்டது. அந்தந்த இடத்துக்கு அந்தந்த இடத்துத் தண்ணீர்; பத்து வருஷம் இது தோன்றாமல் போயிற்றே என்று தன் தலையிலேயே குட்டிக்கொண்டாள்.

"வாங்க, நாமளும் ஒரு படம் எடுத்துக்கலாம்" என்றாள்.

தேவசகாயம் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். படம் எடுத்து முடிந்தபோது இருவர் காலிலும் கணுக்கால்வரை கரிய சேறு. அவள் எங்கேயும் போய்விடவில்லை. அந்தக் காலோடு ரயிலேறி விழுப்புரம் வந்து, வீட்டு வாசலில் கால் வைத்தாள்.

சவுரியம்மாள் முறத்திலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தாள். ஏரிச் சேறு என்று பார்த்த உடனே தெரிந்தது.

"காலக் கழுவிக்கினு உள்ள வா" என்றாள்.