வாய்தாவில் மாட்டிய குரல்

ஆவடி வீட்டில் இருந்தபடியே கனகவல்லி கோர்ட்டுக்கு மொழிபெயர்ப்பாள். காலை பத்தரைக்கு லேப்டாப்பைத் திறந்ததும் அவள் குரல் மட்டும் கிளம்பி, மேற்கே ஒரு பனியன் ஊர் கோர்ட்டுக்குப் போய், ஒடியாவில் சாட்சி சொல்பவன் பக்கத்தில் நின்றுகொள்ளும். ஐந்தரைக்குத் திரும்பி வரும். அதுவரை வீட்டில் அவளுக்குக் குரல் கிடையாது. கீரைக்காரியிடம் கைஜாடையில்தான் பேரம். எட்டு வருஷமாகிவிட்டது, அவளுக்கு அலுப்பே அலுத்துப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை, சாட்சி பாதியில் இருக்கும்போதே ஜட்ஜ் ஒரு நீளக் கொட்டாவி விட்டு, "பதினாலாம் தேதீ..." என்றார். குரல் இன்னும் கூண்டோரமே நின்றது. வழக்கோடு அதற்கும் வாய்தா போட்டு, கேஸ் கட்டோடு சேர்த்துக் கட்டி, பீரோவைப் பூட்டிவிட்டார்கள்.

கனகவல்லிக்கோ ஞாயிற்றுக்கிழமை குரல் வேண்டும். புருஷன் அருமைராஜ் சரக்குக் கப்பலில் இருந்தான். ஞாயிறு மத்தியானம் ஐந்து நிமிஷம் போனில் பேசலாம், அவ்வளவுதான். போன வாரம் கேட்டிருந்தான்: "இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடவா, வந்துரவா? யோசிச்சுச் சொல்லு. நீ ஒண்ணும் சொல்லலைன்னா போட்டுருவேன்."

அவள் யோசித்துவிட்டாள். வரச் சொல்ல வேண்டும்.

குரலைத் திருப்பித் தரச் சொல்லித் தாளில் எழுதி, லேப்டாப் கேமரா முன்னால் பிடித்தாள். பெஞ்ச் கிளார்க் முத்துவீரன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"அம்மணி, குரலைத் திருப்பிக் கேக்கற மனுவ மனுதாரர் வாயாலதான் சொல்லோணும்ங்க."

'எந்தக் குரலில்?' என்று எழுதிக் காட்டினாள்.

"அது உங்க சௌகரியமுங்க." கொஞ்சம் யோசித்தார். "நம்ம டவாலி சங்கிலி லீவுல போயிருக்காப்ல. வராந்தாவுல நின்னு ஆளுகளை மூணு மூணு தடவை கூப்பிடற அவரு குரல் சும்மாதான் கெடக்குது. பதினாலு வரைக்கும் வெச்சுக்குங்க. என்ன, மெதுவாப் பேச வராது."

சனிக்கிழமை பால்காரரிடம் ஒரு பாக்கெட் கேட்டாள். குரல் மூன்று தடவை கேட்டது. மூன்று பாக்கெட் போட்டுவிட்டுப் போனார்.

ஞாயிறு, போன் அடித்தது.

"கனகு, என்ன முடிவு பண்ணுனே?"

வந்துருங்க என்று மெல்லச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்தக் குரலுக்கு அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை.

"அருமைராஜ்! அருமைராஜ்! அருமை...ராஜ்ஜ்!"

எதிர்வீட்டு ஜன்னல் கிடுகிடுத்தது.

"ஆஜர்," என்றான் அருமைராஜ். லைன் கட்டானது.

திங்கட்கிழமை விடிந்ததும் வாட்ச்மேன் பெல் அடித்தார்.

"அம்மா, சார் வந்துட்டாரு. கப்பல கேட்டுக்கு நேரா போட்டுட்டாங்க. கொஞ்சம் ஓரங்கட்டச் சொல்லும்மா, தண்ணி லாரி வரணும்."

கனகவல்லி பால்கனிக்குப் போய்ச் சொன்னாள். மூன்று தடவை கேட்டதால் கப்பல் மூன்று தடவை ஓரங்கட்டி, அடுத்த தெருவில் போய் நின்றது. அங்கிருந்து அருமைராஜ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தான். பின்னாலேயே கேப்டனும் வந்து, ஷூவை எங்கே கழற்றிவிடுவது என்று கேட்டார்.