சிவப்பு வட்டத்துக்குள் மல்லப்பன்

மல்லப்பனுக்கு விடிந்ததும் காபி இல்லாவிட்டால் கூடப் பரவாயில்லை, பிரேக்கிங் நியூஸ் இல்லாவிட்டால் பல்லே தேய்க்க மாட்டார். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். தமிழ்நாட்டு எல்லையோர ராமாபுரத்திலிருந்து மைசூருக்கு வந்து பாதி வாழ்க்கை ஓடிவிட்டது. தமிழும் கன்னடமும் சரளம், அந்தப் புண்ணியத்தில் இரண்டு மொழிச் செய்தியையும் விட மாட்டார். காவிரி விவகாரம் கிளம்பிவிட்டால் வீட்டில் கூத்துதான். கன்னடச் சேனலில் வற்றின அணையைக் காட்டினால், "நமக்கே குடிக்கத் தண்ணியில்ல, எங்கிருந்து விடறது?" என்று பொங்குவார். விளம்பரம் வந்ததும் தமிழ்ச் சேனலுக்குத் தாவுவார். அங்கே கருகின நாற்றைக் காட்டுவார்கள். "பாவம், இவுங்களுக்கு மனசாட்சியே இல்லியா?" என்று அதே வாயால் பொங்குவார். இரண்டும் சத்தியமான கோபம். இரண்டு சேனலிலும் ஒரே நேரத்தில் விளம்பரம் வந்தால் மட்டும் எந்தப் பக்கமும் சேராத நல்ல மனிதராக இருப்பார்.

அப்படிப்பட்டவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை உப்புச் சர்க்கரை மாற்ற நாள் குறித்திருந்தார்கள். பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் உப்பையும் சர்க்கரையையும் தட்டில் வைத்து மாற்றிக்கொண்டால் சம்பந்தம் உறுதி. அதற்கப்புறம் யாரும் பின்வாங்க முடியாது. மாப்பிள்ளை சத்தியமங்கலத்துக்காரர். அவரும் மல்லப்பன் மகள் அஷ்வினியும் மனசு ஒத்துப்போய் தினமும் போனில் பேசித் தீர்க்கிறார்கள். இந்த நேரம் பார்த்து, வெள்ளிக்கிழமை காவிரிக்காகக் கர்நாடக பந்த் என்று அறிவித்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா இராமச்சந்திரன், சத்தியமங்கலத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர், முந்தின நாளே போன் போட்டுவிட்டார்.

"டிவியில ஒரு மாதிரி காட்டறானுங்களே. ஞாயித்துக்கிழமை வரலாமுங்களா?"

"பந்த் ஒரு நாள்தானுங்க. என்னை நம்பி வாங்க," என்றார் மல்லப்பன், மைசூரையே மடியில் கட்டி வைத்திருப்பவர் மாதிரி.

வெள்ளிக்கிழமை காலை டிவியில் 'மைசூரில் உச்சகட்டப் பதற்றம்' என்று ஓடியது. ஜன்னலுக்கு வெளியே நடு ரோட்டில் ஒரு மாடு படுத்து நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தது. மல்லப்பன் ஜன்னலை நம்பவில்லை.

"ஊரு எரியுதாம். ஒரு எட்டு பாத்துட்டு வந்தர்றேன்."

"எரியற ஊருக்கு எதுக்குங்க போறீங்க?" என்றாள் பாக்கியலட்சுமி. "சரி, போறதுதான் போறீங்க, வண்டிக்காரம்மா யாராச்சும் இருந்தா ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க."

பந்த் நாளில் ஸ்கூட்டரில் போகிறவர்கள் மஞ்சளும் சிவப்புமான கன்னடத் துண்டை ஹேண்டிலில் கட்டிக்கொள்வது உண்டு. கட்டினால் யாரும் வழிமறிக்க மாட்டார்கள். மல்லப்பன் பக்கத்து வீட்டில் ஒன்று இரவல் வாங்கிக் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். ஹேண்டிலில் கட்டினால் பறக்கும் என்று காரணம் சொன்னார். கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துக்கொண்டதற்குக் காரணம் சொல்லவில்லை.

கொத்தமல்லி சந்திலேயே கிடைத்துவிட்டது. எரிகிற ஊர்தான் கிடைக்கவில்லை. சர்க்கிளில் பத்துப் பதினைந்து பேர், ஒரே ஒரு டயர், நாலு கேமரா. டயர் அணைய அணைய, அடுத்த சேனலுக்காக மறுபடி கொளுத்தினார்கள். கொளுத்தியவர்களே நடுவில் டீயும் குடித்தார்கள். மல்லப்பன் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்.

"சார், ஷாலு ஹாக்கிதீரல்லா, முந்தெ பன்னி," என்றான் ஒரு கேமராக்காரன். துண்டு போட்டிருக்கிறீர்களே, முன்னால் வாருங்கள் என்று அழைக்கிறான்.

மரியாதையாக வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் ஆயுசு பூராவும் டிவியைப் பார்த்த மனிதரை டிவி ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்க்கிறது, விடுவாரா? முன் வரிசைக்குப் போனார். எல்லோரும் கை தூக்கினார்கள், அவரும் தூக்கினார். கொத்தமல்லி அந்தக் கையிலேயே இருந்தது.

மத்தியானம் கன்னடச் சேனலில் தேடினார், இல்லை. தமிழ்ச் சேனலுக்குத் தாவினார். இருந்தார். திரை முழுக்க அவர்தான், தலையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். 'மைசூரில் வெறியாட்டம்' என்று கீழே கொட்டை எழுத்து. "யார் இந்த நபர்? நம் விவசாயிகளின் பயிரைப் பிடுங்கிக் கையில் வைத்துக் கேலி செய்கிறாரா?" என்று ஒரு பெண் மூச்சு விடாமல் கேட்டாள். கொத்தமல்லிக்குத் தனியாக இன்னொரு வட்டம் போட்டிருந்தார்கள்.

மல்லப்பன் சோபாவிலிருந்து எழுந்துவிட்டார். சத்தியமங்கலத்தில் இந்தச் சேனல் பார்க்காத வீடு ஏது? இராமச்சந்திரனுக்குப் போன் போட்டார். முழுசாக அடித்து ஓய்ந்தது. மொட்டை மாடிக்குப் போய்ப் போட்டார். எடுக்கவில்லை. சாயங்காலம் மறுபடி, ராத்திரி சாப்பிட்டுவிட்டு மறுபடி. பொண்ணு வாழ்க்கையை ஒரு கட்டு கொத்தமல்லியில் கெடுத்துவிட்டோமே என்று மனிதர் இடிந்து போனார். போதாக்குறைக்கு ரிமோட்டைக் காணோம். ரிமோட் இல்லாத செட்டாப் பாக்ஸ் இருந்தென்ன, போயென்ன. வாட்ஸப்பைத் திறக்கவும் பயம், தன் தலைதான் அங்கேயும் சுற்றிக்கொண்டிருக்கும். சோபாவைக் கவிழ்த்துக்கூடத் தேடிப் பார்த்தார்.

சனிக்கிழமை மத்தியானம், சாதத்தில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தவர் முன்னால் அஷ்வினி வந்து நின்றாள்.

"நான்தான் கெடுத்துட்டேன் கண்ணு," என்றார்.

அவள் தன் போனை நீட்டினாள். கன்னடச் சேனலின் துண்டு வீடியோ. சத்தியமங்கலம் பஸ் ஸ்டாண்டில் மறியல். முன் வரிசையில் தோளில் துண்டோடு கையை ஓங்கிக் கத்திக்கொண்டிருந்தவர் சாட்சாத் இராமச்சந்திரன். தலையைச் சுற்றி அதே சிவப்பு வட்டம்.

மல்லப்பனுக்குச் சுருக்கென்று ஏறியது. "இந்த மனுசனா? நம்மள இந்தத் திட்டு திட்டற ஆளு வீட்டுக்கா நான் பொண்ணு..."

"சும்னே இருங்கப்பா," என்றாள் அஷ்வினி. மைசூரில் வளர்ந்த பெண், கோபம் வந்தால் கன்னடம்தான் முன்னால் வரும். "உங்க தலையச் சுத்தியும் இதே வட்டந்தானே போட்டாங்க? நீங்க என்ன வெறியாட்டமா ஆடினீங்க?"

மல்லப்பன் தொடாத சாதத்தைப் பிசைய ஆரம்பித்தார்.

"இத நேத்தே டிவியில பாத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? உண்மையச் சொல்லுங்க."

பொய் அவர் வாய் வரைக்கும் வந்தது. மகள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

"சம்பந்தமே வேண்டாம்னிருப்பேன்," என்றார். சொன்னபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. பெண் கண்ணில் நீர் நின்றதைப் பார்த்து இன்னும் வெட்கமாக இருந்தது.

பாக்கியலட்சுமி சமையலறையிலிருந்து வந்தாள். அரிசி டப்பாவிலிருந்து எடுத்த ரிமோட்டை முந்தானையில் துடைத்து மேஜைமேல் வைத்தாள். "அதுக்குத்தானுங்க ஒளிச்சு வெச்சேன். நேத்து நீங்க மாடியில நின்னப்பவே அவரக் காட்டிட்டான். மாப்பிள்ளையோட அம்மாவும் உங்களப் பாத்துட்டு, அங்க கேபிள் ஒயரக் கழட்டிட்டாங்களாம். நாங்க ரெண்டு பேரும் அப்பவே பேசி முடிச்சுட்டோம்."

"அப்புறம் அவரு ஏன் போன எடுக்கல?"

"நீங்க பாத்துட்டுத் திட்டத்தான் கூப்பிடறீங்கன்னு பயமாம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். தமிழ்நாட்டு நம்பர் வண்டி எதற்கு என்று வேனை விட்டுவிட்டு, சாமராஜநகரில் பஸ் மாறி, பூவும் பழமுமாகக் கசங்கி வந்து சேர்ந்தார்கள். இராமச்சந்திரன் மல்லப்பனை நிமிர்ந்து பார்க்கவில்லை. மல்லப்பனும் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து, எதிரே அணைந்து கிடந்த டிவியைப் பார்த்தார்கள்.

உப்பும் சர்க்கரையும் தட்டில் வந்தன. இராமச்சந்திரன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கினார்.

"சம்பந்தி, டிவியில ஏதாச்சும் பாத்திருந்தீங்கன்னா..."

"எங்கூட்டு டிவி ரெண்டு நாளா ரிப்பேருங்க," என்றார் மல்லப்பன், கொஞ்சமும் யோசிக்காமல்.

இராமச்சந்திரன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கூட்லயும் ரிப்பேர்தானுங்க," என்றார்.

தட்டுகள் கைமாறின. பெண்கள் குலவையிட்டார்கள். அஷ்வினி அப்போதுதான் இரண்டு நாளைக்கப்புறம் சிரித்தாள். குலவைச் சத்தத்துக்கு நடுவில் இராமச்சந்திரன் மல்லப்பன் காதோரம் குனிந்தார்.

"வீட்லதான் ரிப்பேருங்க. மண்டியில நல்லாத்தான் ஓடுச்சு. அவன் பயிரு பயிருன்னு கத்தறான். அது கொத்தமல்லிதானுங்களே?"

மல்லப்பன் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். எல்லாம் பார்த்துவிட்டுத்தான் இந்த மனிதர் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

"ஆமாங்க. வீட்ல வாங்கிட்டு வரச் சொன்னாங்க," என்றார்.