கோப்பு முடித்த திகதி

முஸ்பிறா ஒன்றைப் பிடித்தால் விடுகிற ஆளில்லை. கல்முனையில் பெண்களுக்கு உதவும் அந்தக் காரியாலயத்தில் பழைய கோப்புகள் தானாக அழிய வேண்டும் என்று மாதக்கணக்கில் ஒற்றைக் காலில் நின்றாள். அடிபட்டு வந்து, யாரிடமும் சொல்லாததைச் சொல்லி அழுதுவிட்டுப் போன பெண்களின் கதையெல்லாம் கணினியில் கிடந்தது. பிரச்சினை தீர்ந்து, மறுமணம் முடித்து, பேரப்பிள்ளை கண்டவர்களின் கதையும்தான். அதை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன லாபம்?

அவளுடைய கதையும் அதற்குள் இருந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன் வீங்கிய முகத்தோடு வந்தவள், விவாகரத்து முடிந்த கையோடு அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இப்போது கணினிப் பொறுப்புக்கு வந்திருக்கும் ஷிப்லி யார்? அவளை அடித்தவனின் அக்கா மகன். நல்ல பிள்ளைதான். ஆனாலும் அவன் அந்தத் திரைக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம் அவள் கண் அங்கேயே போனது.

பணிப்பாளர் நளீம் இழுத்தடித்தார். "காசு தாற ஆக்கள் கேட்டா என்னத்தக் காட்டுற?"

"எத்தின பேர் வந்தாங்க எண்டு காட்டுங்க சேர். பேரும் படமும் அவங்களுக்கு என்னத்துக்கு?"

கடைசியில் மனுசன் இறங்கி வந்தார். கோப்பு முடித்த திகதியிலிருந்து ஐந்து வருடம் கழிந்தால் கணினியே அழித்துவிடும் என்று விதி எழுதினார்கள். திங்கட்கிழமை காலை அது முதல் தடவை ஓடியது. முஸ்பிறா தேடிப் பார்த்தாள். காலம் கடந்தவை எல்லாம் போய்விட்டன, அல்ஹம்துலில்லாஹ். அவளுடையது மட்டும் அப்படியே இருந்தது.

இருக்காமல் என்ன செய்யும்? அதை யாரும் முடிக்கவே இல்லையே. உதவி கேட்டு வந்தவளே உத்தியோகத்தராகிவிட்டதில் எல்லோருக்கும் மறந்துபோயிற்று. முடித்த திகதி போடும் கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

நளீம் எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பழைய திகதி ஒண்டப் போடுங்க புள்ள. நாளைக்கிக் காலைல அது ஓடக்குள்ள போயிரும். ஆரு கேக்கப் போறா?"

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

"இண்டைக்கி நான் பழைய திகதி போட்டா, நாளைக்கி வாற ஒருத்தன் வேறொரு புள்ளைட கோப்புக்குப் புதுத் திகதி போட்டு அத அழிய விடாம வெச்சிருப்பான் சேர். மறுகா இந்த விதி என்னத்துக்கு?"

அன்றைய திகதியையே போட்டாள். இன்னும் ஐந்து வருடம். பிறகு ஷிப்லியைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இதுக்குள்ள எண்ட கோப்பு ஒண்டு இரிக்கி. அஞ்சு வருசம் இரிக்கும். வாசிக்கிறண்டா வாசிங்க. உங்கட மாமா செஞ்சதுதான் அதுல இரிக்கி, நான் செஞ்சதில்ல."