மேவிஸ் ஆடிய ஆட்டம்

மத்தி மீனின் செவுளுக்குள் வைட்டமின் மாத்திரையைத் திணித்துப் பராமரிப்பாளர் ரோண்டா நீட்டினாள். மேவிஸ் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. ஒரு வாரமாக இப்படித்தான். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் வாளி வாளியாகக் காசுக்கு வாங்கி எறியும் மீனிலேயே அந்தக் கடற்சிங்கத்துக்கு வயிறு நிரம்பிவிடுகிறது. உறையவைத்து எடுத்த மீனில் சத்து நிற்காது. மாத்திரை போகாவிட்டால் நரம்புதான் முதலில் கெடும்.

அந்தக் கடல்விலங்குப் பூங்காவின் மேலாளர் டாரலிடம் மறுபடியும் போய் நின்றாள்.

"மீன் வாளி விக்கிறத கொஞ்ச நாளைக்கு நிறுத்து டாரல். மாத்திரை உள்ள போகவே மாட்டேங்குது."

"ஸ்கூல் லீவு நேரத்துலயா? நீயும் டாக்டரம்மாவும் சேந்து கடைய இழுத்து மூடிருவீங்க போல. மேவிஸப் பாரு, பீப்பா மாதிரி இருக்கா. அவளுக்கா சத்துக் கொறச்சல்?"

வேலையை விட்டால் மேவிஸை யார் பார்ப்பது என்று ரோண்டா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. கரும்புத் தோட்டத்தையும் கடற்கரையையும் விட்டால் எதுவுமில்லாத அந்தக் குவீன்ஸ்லாந்துச் சிற்றூரில், ஐம்பதைத் தாண்டியவளுக்கு வேறு வேலை கிடையாது என்பது மீதி.

மதியக் காட்சியில் மேவிஸ் பந்தைத் தொடவில்லை. கழுத்து பின்னால் வளைந்தது. துடுப்புகள் சிமென்டுத் தரையில் படபடவென்று அடித்துக்கொண்டன. முன்வரிசை சிரித்தது. பிறகு அரங்கமே கைதட்டியது.

"ஆடுதுடா, பாரு!"

"தட்டாதீங்க! அதுக்கு வலிப்பு! எல்லாரும் வெளிய போங்க!" என்று ரோண்டா மைக்கில் அலறினாள். அதையும் காட்சியில் ஒரு பகுதி என்று எண்ணிப் பாதிப் பேர் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

மருத்துவர் ஓடி வந்து ஊசி போட்டார். சாயங்காலம் மேவிஸ் தலை தூக்கியது. "இந்தத் தடவ பொழச்சிருச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் பையை மூடினார்.

டாரல் கதவருகிலேயே நின்றிருந்தான். "மைக்க கீழ வச்சிருக்கலாம்ல ரோண்டா? கொழந்தைங்க பயந்துருச்சு."

"கை தட்டினாங்க டாரல்."

"அதான் சொல்றேன். நீ கத்தலன்னா அவங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

மறுநாளும் வாளிகள் விற்றன. முந்தின நாள் வந்திருந்த ஒருவர் மாமியாரைக் கூட்டி வந்திருந்தார். "நேத்து ஆடுச்சே, அந்த ஆட்டம் இன்னிக்கு எப்போ?"

ரோண்டா அடுத்த மீனின் செவுளுக்குள் மாத்திரையைத் திணித்தாள். அவரே கழுத்தைப் பின்னால் சாய்த்துக் கைகளை உதறி மாமியாருக்கு ஆடிக் காட்டினார். குடும்பமே கைதட்டியது. சத்தம் கேட்டதும் மேவிஸ் தண்ணீருக்குள்ளிருந்து எழும்பி, அவர்களைப் பார்த்து மீனுக்காக வாயைத் திறந்தது.