திருப்பதியில் ஒரு மொட்டை

தாட்சாயணிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தன் தலையில்தான். எதிரே நின்ற தலை சந்தனம் பூசிக்கொண்டு பளபளவென்று நின்றது.

"இன்னாடி இது?"

"மொட்டை, அக்கா," என்றாள் சந்தியா.

"அது தெரியாம எனக்கென்ன கண்ணு அவிஞ்சா பூட்டுது? நாளைக்கு இன்டர்வியூ. இன்னைக்குப் போய் எவளாவது மொட்டை போட்டுக்குவாளா?"

வீட்டை விட்டு ஓடிவந்த பெண்பிள்ளைகளுக்காக, ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் நடக்கிற விடுதி அது. நகரிக்காரி தாட்சாயணி அதற்கு வார்டன். உண்மையைச் சொன்னால் அவள் உத்தியோகமே பெருமாளோடு போட்டி போடுவதுதான். மலையில் சோறு இலவசம், படுக்க ஹால் இலவசம், மொட்டைகூட இலவசம். இங்கே வந்தால் விடியுமுன் எழுப்பிவிடுவார்கள், பாத்திரம் தேய்க்கச் சொல்வார்கள், படிக்கச் சொல்வார்கள். எந்தப் பிள்ளை தங்கும்? பாதி மறுநாளே கம்பி நீட்டிவிடும்.

தங்கியவள் சந்தியா. கங்காதர நெல்லூர் பக்கத்துப் பெண். அவள் தாய்மாமன் பாலையாவுக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, வயதில் இரண்டு மடங்கு மூத்தவன். வருஷத்துக்கு ஒருமுறை சங்கராந்திக்கு வருவான். இவள் பிறந்தபோதே அவனுக்குத்தான் என்று பேசி முடித்தாயிற்று. முறைமாமன் கட்டிக்கொண்டு போனால் ஊரில் யார் கேட்பது? முகூர்த்தத்துக்கு நாள் பார்த்தார்கள். பெண் ரயிலேறிவிட்டாள்.

அடுத்த மாதம் பதினெட்டு முடிகிறது. அதற்குமேல் விடுதியில் வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்காது. நல்லவேளை, செல்போன் கம்பெனி பஸ்கள் புத்தூர், சத்தியவேடு என்று ஊர் ஊராகப் பெண்பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிற காலம். வேலை கிடைத்தால் கம்பெனி ஹாஸ்டலிலேயே இடம். கேட்டில் காவல். பாலையா தலைகீழாக நின்றாலும் உள்ளே நுழைய முடியாது. கிடைக்காவிட்டால் ஊர்தான், அவன்தான். இந்த இன்டர்வியூவுக்காகத் தாட்சாயணி யார் யாரிடமோ பல்லைக் காட்டியிருந்தாள். ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய், ஜடையை முன்னால் எடுத்துவிட்டு லட்சணமாகப் போட்டோவும் எடுத்துக் கொடுத்திருந்தாள்.

"போட்டோவுல இடுப்புக்குக் கீழ ஜடை. நாளைக்கு இந்தச் சுரைக்காயைத் தூக்கிக்கினு போய் நின்னா வாட்ச்மேன் உள்ள விடுவானா? வேண்டுதல்னா வேலை கிடைச்சப்புறம் செலுத்தக் கூடாதா? சாமி இன்னா மலைய விட்டு ஓடியா போய்க்கினு கீறாரு?"

சந்தியா சந்தனத் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள். அதுதான் தாட்சாயணிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"நில்லு, கல்லு மாதிரி நில்லு! போ, குழாயில தண்ணி நின்னுடும். குடத்தையாவது ரொப்பிக்கினு வா."

சந்தியா குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். போனவள் வரவில்லை. குழாயடி வாசலுக்கு எதிரேதான். ஒரு குடம் பிடிக்க இவ்வளவு நேரமா? தாட்சாயணி ஜன்னலுக்குப் போய், சந்தியா என்று தெருவே அதிரக் கத்த வாயைத் திறந்தாள்.

திறந்த வாய் அப்படியே நின்றது.

குழாயடியில் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் ஒரு போட்டோவைச் சந்தியாவிடம் நீட்டிக்கொண்டிருந்தான். ஊரில் எடுத்த படம் போல, பாவாடை தாவணியில் சந்தியா, இடுப்புக்குக் கீழே நீள ஜடை. ஐயோ, பாலையாதான்! பேர் மட்டும் வெளியே வந்திருந்தால் எல்லாம் போயிருக்கும்.

"இந்தப் பொண்ண எங்கியாவது பாத்தியாம்மா?" என்று தமிழில் கேட்டான்.

சந்தியா போட்டோவைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சூடலேதண்ணா," என்றாள் சுத்தத் தெலுங்கில். பார்க்கவில்லையாம், அண்ணாவாம்!

அவன் போகாமல் நின்றான். இனி சும்மா இருந்தால் ஆகாது.

"ஏய் மொட்டை!" என்று தாட்சாயணி ஜன்னல் வழியே கத்தினாள். "தண்ணி பிடிக்கப் போனியா, ஆறு வெட்டப் போனியா? உள்ள வா!"

தெருவில் போன மொட்டைகளில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாலையாவும் பார்த்தான். பிறகு போட்டோவைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போனான்.

சந்தியா உள்ளே வந்தாள். குடத்துத் தண்ணீர் பாதிக்குமேல் அவள் மேலேயே சிந்தியிருந்தது. தாட்சாயணி கதவைத் தாழ்போட்டாள்.

"தெரிஞ்சேதான் செஞ்சியாடி?"

"நேத்தே ஸ்டேஷன்ல பாத்தேன், அக்கா. எல்லாருகிட்டயும் போட்டோவக் காட்டிக்கினு இருந்தாரு. நீங்கதான சொன்னீங்க?"

"நான் இன்னா சொன்னேன்?"

"வந்த அன்னைக்கு, மாமா தேடிக்கினு வந்தா இன்னா பண்றதுன்னு கேட்டேன். திருப்பதியில மொட்டையத் தேடின கதைதான், போய்ப் படுன்னீங்க."

தாட்சாயணிக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. அழுகிற பிள்ளையைப் படுக்க அனுப்ப வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாள். அந்தப் பழமொழியைப் பிடித்துக்கொண்டு போய்த் தலையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது இந்தப் பெண்.

"அதுக்காக, ரெண்டடி தூரத்துல நின்னுக்கினு மூஞ்சிகூடவா தெரியல அவனுக்கு?"

"எப்பவும் ஜடையத்தான் பாப்பாரு, அக்கா."

தாட்சாயணி எழுந்து செருப்பை மாட்டினாள். கண் கலங்கியதற்கும் கோபம் வந்தது. "முகத்தைத் தொடச்சிக்கினு கிளம்பு. ஸ்டுடியோவ மூடிடுவான்."

"இந்தத் தலையோடயா?"

"பின்ன, கடன் வாங்கின தலையோடயா? இதையே போட்டோ பிடிப்போம். நாளைக்கு நானும் வரேன். திருப்பதிக்காரி மொட்டையாத்தான் வருவா, இஷ்டமிருந்தா எடு, இல்லாட்டி நான் இங்கியே உக்காந்துக்கறேன்னு சொல்றேன்."

சந்து முனையில் பாலையா ஒரு மொட்டைக் குடும்பத்தை நிறுத்திப் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தான். சந்தியா அவனைத் தாண்டி நடந்தாள், நடையைக்கூட மாற்றவில்லை. தாட்சாயணிதான் அவள் கையை விரல் நோகப் பிடித்திருந்தாள்.