ஜோடியின் முதல் விருப்பம்

பள்ளிக்கூடத்தில் எனக்குக் 'கடைசித் தேதி மிஸ்' என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவார்கள், எனக்கும் நன்றாகவே கேட்கும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வைப்பது என் வேலை. எந்தக் கல்லூரி, என்ன படிப்பு, தன்னைப் பற்றி எழுதச் சொல்கிற அந்த ஒரு பக்கத்தில் எவ்வளவு அளக்கலாம், நேர்காணலில் காலை ஆட்டாமல் எப்படி உட்காருவது, எல்லாம் என் தலையில்தான். விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறைக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். பாதி நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் பந்து வந்து மோதிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பேசி முடிக்க வேண்டும். கோபம் வராமல் என்ன செய்யும்?

என் அறைக்கு இரண்டே சட்டம். கடைசித் தேதியைத் தவற விட்டவர்கள் என் முகத்தில் விழிக்கக் கூடாது. இங்கே ஒரு பிள்ளை சொன்னது கதவைத் தாண்டி வெளியே போகாது. முதல் சட்டம் அவர்களுக்கு, இரண்டாவது எனக்கு. இந்த வருடம் அந்த இரண்டாவது சட்டம் என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே, அப்பப்பா!

காரணம் ஜோடி. எங்கள் பள்ளியின் இரட்டைப் பெண்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒருத்தி சில நிமிடம் முன்னால் பிறந்தவள், அவள் பெரியவள். மற்றவள் சின்னவள். அந்தச் சில நிமிடத்துக்காகச் சின்னவள் அவளை 'அக்கா' என்று கூப்பிடுவாள், அதுவும் பாதி கேலியாக. ஒரே முகம், ஒரே குரல், ஒரே உயரம். பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "நீ எந்த ஒண்ணு?" நானும் அதைத்தான் கேட்பேன், வேறு என்ன செய்ய? என் அறைக்கு அவர்கள் தனியாக வந்ததே இல்லை. ஒருத்தியைக் கூப்பிட்டால் இரண்டு நாற்காலி போட வேண்டும்.

இருவருக்கும் எங்கள் ஊர்க் கல்லூரிதான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். அவர்களுடைய அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறார், அந்தக் கல்லூரி வாசல் வழியாகத்தான் அவருடைய வண்டி போகும். காலையில் மகள்கள் அம்மாவின் வண்டியிலேயே ஏறி, அம்மாவின் வண்டியிலேயே திரும்பலாம். இதைவிட வசதி யாருக்குக் கிடைக்கும்?

விண்ணப்பம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது சின்னவள் தனியாக வந்தாள். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"மிஸ், அக்காகிட்ட சொல்ல மாட்டீங்கல்ல?"

"என்னைக்காவது சொல்லியிருக்கேனா? விஷயத்தைச் சொல்லு."

"எனக்கு மலைக் கல்லூரிக்குப் போகணும். முதல் விருப்பமா அதைப் போடணும்."

மலைக் கல்லூரி என்றால் ஓர் இரவு முழுக்க ரயிலில் போக வேண்டும். அங்கே வனவியல் சொல்லிக் கொடுக்கிறார்கள், வேறு எங்கும் கிடையாது. "அது சரி, அக்கா?" என்று கேட்டேன். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு ஒரு தடவையாவது தனியா இருந்து பாக்கணும் மிஸ். அவமேல கோவமெல்லாம் இல்ல. அவ அங்க வர மாட்டா, அவளுக்கு ரயில்ல ஏறினாலே வாந்தி வரும். ஆனா நான் போறேன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. நானே சமயம் பாத்துச் சொல்லிக்கிறேன். நீங்க மூச்சு விடாதீங்க."

சரி என்று வாக்குக் கொடுத்தேன். பாவம், குழந்தை எவ்வளவு நாளாக இதை மனசுக்குள் போட்டுப் புழுங்கினாளோ என்று அன்றைக்கு முழுவதும் உருகிப் போனேன்.

மறுநாள் பெரியவள் வந்தாள். தனியாக! அவளும் இரண்டு பக்கமும் பார்த்தாள். அவளும் கதவைச் சாத்தினாள்.

"மிஸ், சின்னவகிட்ட சொல்ல மாட்டீங்கல்ல? எனக்கு மலைக் கல்லூரிக்குப் போகணும். அங்க புவியியல் இருக்கு. அவ அங்க வர மாட்டா, அவளுக்குக் குளிர் ஆகாது, மூக்கு ஒழுக ஆரம்பிச்சுடும். ஆனா நான் விட்டுட்டுப் போறேன்னு தெரிஞ்சா செத்தே போயிடுவா."

நான் திருதிருவென்று விழித்தேன். ஒருத்தியிடமிருந்து தப்பிக்க இன்னொருத்தி ஓடுகிறாள், இருவரும் ஓடுவது ஒரே ஊருக்கு! கூடப் பிறந்தவள் எந்த ஊருக்கு வரவே மாட்டாள் என்று தனித்தனியாக உட்கார்ந்து யோசித்து, இரண்டு பேரும் ஒரே ஊரைப் பிடித்திருக்கிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜூலையில் இந்த ஜோடி ஒரே ரயிலில் எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும். கடைசித் தேதி தாண்டிவிட்டால் முதல் விருப்பத்தை மாற்ற முடியாது. வாயைத் திறந்தாலோ இத்தனை வருடம் கட்டிக் காத்த என் சட்டம் காற்றில் போய்விடும். அப்புறம் எந்தப் பிள்ளை என்னை நம்பிக் கதவைச் சாத்தும்?

"சிரிக்கிறீங்களா மிஸ்?"

"இல்லம்மா. தும்மல் வர மாதிரி இருந்துச்சு."

ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தேன். பெரியவளைக் கூப்பிட்டு, "புவியியலுக்கு இன்னும் நல்ல இடமெல்லாம் இருக்கே, துறைமுக நகரத்துல ஒரு கல்லூரி இருக்கு, பாரேன்" என்றேன். "ஏன் மிஸ், எனக்கு மார்க் பத்தாதா?" என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சின்னவளைக் கூப்பிட்டு, "அக்காகிட்ட இன்னைக்குப் பேசிடேன்" என்றேன். "நாளைக்கு மிஸ்" என்றாள். அந்த நாளைக்கு வரவே இல்லை. வீட்டில் நான் சாப்பாட்டை அளைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என் கணவர், "வயிறு சரியில்லையா?" என்றார். "சொல்ல முடியாத வலி" என்றேன். மனுஷன் பயந்துபோய் மாத்திரை வாங்க ஓடினார்.

இதற்கு நடுவில் அவர்களுடைய அம்மா ஒரு மதியம் வந்தார். சீருடையோடு வாசலிலேயே நின்றார். "வண்டி எடுக்கணும் மிஸ், உக்கார நேரமில்ல. பொண்ணுங்க விஷயம் எப்படிப் போகுது?" என்று கேட்டார். நல்லாப் போகுது என்றேன். "ரெண்டும் நல்லா இருந்தாச் சரி" என்றவர் போகாமல் நின்றார். எதையோ சொல்ல வந்து மென்று விழுங்கினார். நானும் எதையோ மென்று விழுங்கினேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை கடைசித் தேதி. வியாழக்கிழமை நேர்காணல் பயிற்சி. அதற்கு எனக்கென்று ஒரு முறை உண்டு. நான் கேள்வி கேட்பதில்லை. பிள்ளைகளையே இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வைப்பேன். ஒருவர் கல்லூரிக்காரர், மற்றவர் மாணவர், பிறகு நாற்காலியை மாற்றிக்கொள்ள வேண்டும். ஜோடியை மட்டும் எப்போதும் பிரித்துத்தான் உட்கார வைப்பேன், சேர்த்தால் சிரித்தே கெடுப்பார்கள் என்று. அன்றைக்கு மற்றவர்களை முடித்து அனுப்பிவிட்டு, வேண்டுமென்றே அவர்களைச் சேர்த்து உட்கார வைத்தேன். நான் எதையும் யாரிடமும் சொல்லவில்லை, நாற்காலியைத்தான் போட்டேன். வெளியாளிடம் எவ்வளவு வேண்டுமானாலும் புளுகலாம். கருவிலேயே கூட இருந்தவளிடம் புளுக முடியுமா?

சின்னவள் கல்லூரிக்காரி. என் மூக்குக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு குரலைக் கனமாக்கினாள்.

"எங்க ஊர்க் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?"

"வீட்டுக்குப் பக்கம். பேராசிரியர்கள் நல்லவங்க. தங்கச்சியும் கூட வரா" என்றாள் பெரியவள்.

"பொய்."

"என்ன பொய்?"

"மூக்கைத் தடவுற. பொய் சொல்றப்பதான் நீ மூக்கைத் தடவுவ." கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "உண்மையைச் சொல்லுங்கம்மா. உங்களுக்கு எந்தக் கல்லூரிமேல ஆசை?"

பெரியவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் அவள் கையைக் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில், "மலைக் கல்லூரி" என்றாள்.

"அது என்னோடது!" என்று கத்தினாள் சின்னவள்.

"உன்னோடதா? உனக்குத்தான் குளிரே ஆகாதே!"

"உனக்கு ரயில்ல வாந்தி வருமே!"

"பையை எடுத்துட்டுப் போவேன்!"

"நான் ஸ்வெட்டர் போட்டுப்பேன்!"

இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. சின்னவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பந்து மோதியது.

கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நினைத்தேன். எங்கே! "அப்போ நீ என்னை விட்டுட்டு ஓடப் பாத்திருக்க" என்றாள் பெரியவள். "நீ மட்டும் என்னவாம்? எவ்வளவு நெஞ்சழுத்தம் உனக்கு!" என்றாள் சின்னவள். இருவரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்கள். தான் விட்டுப் போகலாம், தன்னை யாரும் விட்டுப் போகக் கூடாது, என்ன நியாயம் இது!

கொஞ்ச நேரம் கழித்துத் தொடங்கியது அடுத்த கூத்து.

"சரி, நீயே போ. நான் இங்கேயே இருக்கேன்."

"வேணாம்கா, நீ போ. நான் அம்மாவோட இருந்துக்கறேன்."

"இல்ல, நீதான் போகணும்."

"உன் பிச்சை எனக்கு வேணாம்!"

என் பொறுமை போயே போய்விட்டது. "தியாகம் பண்றதா இருந்தா ரெண்டு பேரும் வெளியே போய்ப் பண்ணுங்க! நாளைக்குக் கடைசித் தேதி!" என்று மேசையைத் தட்டினேன். கண்ணாடி கீழே விழுந்தது. நல்லவேளை, உடையவில்லை. "ஒவ்வொருத்தரா சொல்லுங்க. மலையில உனக்கு என்ன வேலை? முதல்ல நீ. நீ எந்த ஒண்ணு?"

"பெரியவ." அவள் குரல் இறங்கியது. "இதுக்குத்தான் மிஸ். அங்க யாரும் என்னைப் பாத்து நீ எந்த ஒண்ணுன்னு கேக்க மாட்டாங்க."

எனக்குச் சுரீர் என்றது. வெட்கமாகவும் இருந்தது. சின்னவள் பக்கம் திரும்பினேன்.

சின்னவள் முதலில் தயங்கினாள். பிறகு மரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். பள்ளிக்கூட மதில் ஓரம் நிற்கிற மரத்தின் பட்டை ஏன் ஒரு பக்கம் மட்டும் உரிகிறது, ஒரு மரம் பட்டுப்போனால் அதற்குள் எத்தனை உயிர் குடியேறுகிறது, காட்டுத் தீக்குப் பிறகு முதலில் முளைப்பது எது, சொல்லிக்கொண்டே போனாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். நேர்காணலில் இப்படிப் பேசினால் கேட்கிறவர் எழுந்து நின்று இடம் கொடுப்பார். பெரியவள் மெல்ல நாற்காலியைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ இவ்வளவு பேசுவியா? எனக்குத் தெரியவே தெரியாதே."

"நீ கேட்டதே இல்லையே."

பெரியவள் என் பக்கம் திரும்பினாள். "அவ போகட்டும் மிஸ். இது தியாகமெல்லாம் இல்ல. அவளுக்கு அந்த மலைதான் வேணும். எனக்கு அவ இல்லாத ஊர் எதுவா இருந்தாலும் போதும். அந்தத் துறைமுக நகரம்னு சொன்னீங்களே, அதைப் போடுங்க."

"அடிப்பாவி!" என்று சின்னவள் அவள் தோளில் ஒன்று வைத்தாள். இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். மாலை மணி அடிப்பதற்குள் இரண்டு விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தன. கடைசித் தேதிக்கு ஒரு நாள் முன்னால்!

மறுநாள், பள்ளியில் வைக்கிற விண்ணப்ப நகலில் கையெழுத்துப் போட அம்மா வந்தார். இரண்டு கல்லூரிப் பெயரையும் படித்ததும் முதல்முறையாக என் அறையில் உட்கார்ந்தார். "அப்பாடா! ரெண்டும் தனித்தனியா வந்து என்கிட்டயும் சொல்லிச்சுங்க மிஸ். ரெண்டும் சத்தியம் வாங்கிடுச்சுங்க. ஒரு மாசமா இதை வயித்துல வச்சிட்டு வண்டி ஓட்டறேன். போன வாரம் ஒரு நிறுத்தத்தையே விட்டுட்டுப் போயிட்டேன்."

அன்றைக்கு ஏன் மென்று விழுங்கினார் என்று இப்போது புரிந்தது. "உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்காதா? வீடு வெறிச்சுனு ஆயிடும். ராத்திரி வந்து யார்கூடச் சண்டை போடுவேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பரவால்ல மிஸ். போயிட்டு வரட்டும்." வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார்.

இருவருக்கும் இடம் கிடைத்தது. வகுப்புகள் தொடங்கிக் கொஞ்ச நாளில், மதியம் என் போன் அடித்தது. புது எண்.

"மிஸ், நான்தான்."

எந்த ஒண்ணு என்று நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். "சொல்லும்மா" என்றேன்.

"இங்க ஹாஸ்டல்ல ஒரு பொண்ணு என் பேரைக் கேட்டா மிஸ். பேரை மட்டும்தான் கேட்டா. சொன்னேன். சரின்னு கேட்டுக்கிட்டா. அவ்வளவுதான்!" பின்னால் கப்பல் ஊதும் சத்தம் கேட்டது. பெரியவள்! "ஜில்லுனு இருந்துச்சு மிஸ். ரொம்ப நல்லா இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள நானே போனை எடுத்து அவ படத்தைக் காட்டிட்டேன். இதோ பாரு, இவளும் என்னை மாதிரியே இருப்பா, ஆனா இவளுக்கு மரத்தைப் பத்தி எல்லாம் தெரியும்னு சொன்னேன்."

அந்த நேரம் பார்த்துச் சுவரில் பந்து மோதியது. "இன்னும் அந்தப் பந்து நிக்கலையா மிஸ்?" என்று அவள் சிரித்தாள்.