அம்மன் சேலைக்கு உட்கார்ந்தவர்

என் வீட்டுக்காரர் நமச்சிவாயத்துக்கு வயிற்றில் புற்று என்று இரைப்பையில் பாதியை வெட்டி எடுத்தார்கள். அதற்கப்புறம் ஒரு வருஷம் நன்றாகவே பட்டு நெய்தார். அறுபத்தொன்பதாம் வருஷம் மலம் அடைத்துக்கொண்டது. நோய் மலக்குடலுக்கு இறங்கிவிட்டது என்றார் மெட்ராஸ் டாக்டர்.

"முழுசா எடுக்க முடியாதும்மா. வயித்துல இடது பக்கம் ஒரு வழி திறந்து விடறேன், மலம் அதுல வந்துடும். கொஞ்ச காலம் ஓடும்."

"போதும் சார், ஆடிக்குள்ள ஒரு சேலை நெய்யணும்" என்றார் இவர்.

எங்கள் தெரு அம்மனுக்கு ஆடியில் சாத்தும் பட்டுச் சேலையை வீட்டுக்கு வீடு முறை வைத்து நெய்வோம். அந்த வருஷம் எங்கள் முறை. அடுத்த முறைக்கு இவர் இருக்கமாட்டார் என்று இருவருக்கும் தெரியும்.

வயிற்றில் பஞ்சும் துணியும் கட்டிக்கொண்டு வீடு திரும்பினோம். தெருப் பெரியவர் கலியாணசுந்தரம் வந்து உட்கார்ந்தார்.

"தப்பா நெனைக்காதப்பா. அம்மன் சேலைக்குச் சுத்தபத்தமா தறியில எறங்கணும். மலத்த வயித்துல கட்டிக்கினு ஒக்காரலாமா? வேற வூட்டுக்கு வுட்டுடு."

இவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஞாயம்தான் மாமா" என்றார். எனக்கு வந்ததே கோபம்!

"இன்னா ஞாயம்? ஏன் மாமா, நீங்க கோயிலுக்கு வர்றப்ப அதைக் கழட்டி வூட்லயா வச்சிட்டு வர்றீங்க? எல்லாரும் வயித்துல வச்சிக்கினுதான் அம்மன் முன்னாடி நிக்கிறோம். இவருக்கு வெளிய தெரியுது, அவ்ளோதான்!"

இவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயோ தில்லை, தையல் பிரிஞ்சிடும்!"

பல மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. பெரியவருக்கும் தொற்றிக்கொண்டது. "சரிப்பா, குளிச்சிட்டு ஒக்காரு" என்று எழுந்து போனார்.

தறிக்குழியில் இறங்கினால் நெய்த துணி சுற்றும் மரம் சரியாகப் புண்ணில்தான் இடித்தது. துண்டை மடித்துச் செருகிக்கொண்டு கோணலாக உட்கார்ந்து நெய்தார். கட்டு நனைந்தால் எழுந்து குளித்துவிட்டு மறுபடி இறங்குவார். கரைக்கு ஊடை இழை ஓட்டும் நாடாவைத் தள்ள பக்கத்தில் நான். வலியில் பல்லைக் கடிப்பாரே தவிர, கரையில் ஒரு இழை பிசகவில்லை.

ஆடித் திருவிழாவில் அரக்குச் சிவப்பில் அம்மன் ஜொலித்தாள். பூசாரியிடமிருந்து பரிவட்டத்தை வாங்கி, பெரியவரே இவர் தலையில் கட்டினார். குனிந்தபோது வயிற்றுக் கட்டு எல்லார் கண்ணிலும் பட்டது. இவர் மறைக்கவில்லை. நிமிர்ந்து, அம்மனைப் பார்க்க வேண்டிய மனுஷர், கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"ஜெயிச்சிட்டோம் தில்லை!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.